இருபத்திரண்டு, நீலம்

கோத்தகிரியில் டிசம்பர் விடிகாலை.
குளிருக்கு நரம்பெல்லாம்
உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறது.
மாதியக்காவின் இடது கையில் இரண்டு முறை தப்பினேன்.
டிரேயில் இரண்டு நீல ஊசிகள், வீண்.

"கொழுந்து கிள்ளுற கை, தோல் தடிச்சுப் போச்சு,"
எனக்காக அவளே சாக்குச் சொன்னாள்.
டாக்டரைக் கூப்பிடலாம்;
அவர் பிரசவ வார்டில்.

கையுறைக்குள் வெதுவெதுப்பாய்த் தண்ணீர் ஊற்றி
முடிச்சிட்டு வலது கையில் வைத்தேன்.
ஐந்து விரலும் உப்பிக் கிடந்தது.
"இது யாரு கை?"
குலுங்கிச் சிரித்தாள்.
மணிக்கட்டுக்கு மேலே
மெல்ல எழும்பியது ஒன்று.

மூச்சை நான்தான் பிடித்துக்கொண்டேன்.
சின்னச் சிவப்பு, குழாயில்.

பிளாஸ்டரில் தேதி எழுதினேன்.
"தேதி எதுக்கு?"
"ஞாபகத்துக்கு" என்றேன்.
மூன்றாம் நாள் இதைப் பிடுங்கி
வேறு இடம் தேட வேண்டும் என்பதை
இன்றைக்குச் சொல்லவில்லை.