வாய்க்கால் எந்தப் பக்கம்

காரை அணைக்காமல்தான் விட்டுவந்தேன்.
பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்து மூன்று.
அணைத்தால், லேனா நதி உருகும்போதுதான்
அதுவும் கண்விழிக்கும்.

துயாராவின் பட்டறை ஒரு கராஜ்.
பாதியில் அவள் அண்ணனின் படகு, கவிழ்த்தபடி.
மீதியில் உலை, அடைகல், ரேடியோ,
கதவோரம் விறைத்த மீன்கள், விறகுபோல் அடுக்கி.
என்னோடு நுழைந்த பனிமூட்டம்
தரையில் தவழ்ந்து உலைவரை போய்ச் செத்தது.

அவளுக்கு முப்பத்தொன்று. எனக்கு ஐம்பத்திரண்டு.
"வெளியே கிடந்த இரும்பு, வெறுங்கையால தொடாதீங்க அக்கா,
தோலை வாங்கிக்கிட்டுத்தான் விடும்."

அறுவை அரங்கில் இருபத்தாறு வருஷம்
கத்தி எடுத்துக் கொடுத்தவள் நான்.
பிடி அவர் பக்கம், கூர் என் பக்கம்.
கேட்குமுன் கொடுக்க வேண்டும்,
கொடுத்தது தெரியாமல் கொடுக்க வேண்டும்.
கத்தி எங்கிருந்து வருகிறது என்றால்
எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
உறையைக் கிழித்தால் வரும்.

முதலில் உலைக்கு ஊட்டினாள்,
ஒரு துண்டு அப்பம், ஒரு விரல் வெண்ணெய்.
நெருப்பு அதை விழுங்கும்வரை
ரேடியோவைக்கூட நிறுத்திவைத்தாள்.

பழைய லாரியின் வில்பட்டை.
சிவந்தது, பழுத்தது.
"இன்னும் இல்ல... இன்னும் இல்ல... இப்போ!"
அந்த இப்போவை நான்குமுறை தவறவிட்டேன்.
ஐந்தாவதில் சம்மட்டி இரும்பைவிட்டு
அடைகல்லை அடித்தது.
பல்வரை கூசியது.

எங்கள் ஊர்க் கத்திக்கு இரு கன்னமும் ஒன்றல்ல.
ஒன்று, சாப்பிட்ட வயிறுபோல லேசாய்ப் புடைக்கும்.
மற்றது தட்டை, அதில் நெடுக ஒரு வாய்க்கால்.
"எந்தக் கை?" என்றாள்.
"வலது" என்றேன், படிவம் நிரப்புகிற குரலில்.

அவள் ஒன்றும் சொல்லாமல்
ஒரு மீனையும் தன் கத்தியையும் என்முன் தள்ளினாள்.
மீனை வலக்கை பிடித்துக்கொண்டது.
கத்தியை எடுத்தது மற்றது.

இரண்டாம் வகுப்பில் அக்சீனியா டீச்சர்
கையுறைக்குள் போட்டு வாயைத் தைத்துவிட்ட கை.
இடக்குப் பண்ணாதே, இடக்குப் பண்ணாதே என்று
ஒரு குளிர்காலம் முழுக்கக் கேட்ட கை.
இத்தனை வருஷம் சாமர்த்தியமாய்ச் சும்மா இருந்திருக்கிறது.

சுருள்சுருளாய் வரவேண்டிய மீன்
பொடிப்பொடியாய் உதிர்ந்தது.
வாய்க்கால் தப்பான பக்கம்.

துயாரா தலையைச் சொறிந்தாள்.
எண்ணூறு கத்தி அடித்திருக்கிறாள்,
எண்ணூறும் வலக்கைக்கு.
"பவுடர் டப்பா இருக்கா, கண்ணாடி வச்சது?"
கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
தன் கத்தியை அதில் காட்டிக் காட்டிப் பார்த்து
சாக்கட்டியால் மேஜையில் வரைந்துகொண்டாள்.
வரைந்ததெல்லாம் சரி.
கையோ பழகின பக்கமே பள்ளம் தோண்டிவிட்டது.
நோயாளி மயங்குமுன் நாங்கள் சொல்லாத
ஒரு வார்த்தையைச் சொல்லி
அதை வாளியில் எறிந்தாள்.

அடுத்ததற்கு நான் அருகில் நின்றேன்.
அவள் மணிக்கட்டு திரும்பத் தொடங்கும்போதே,
திரும்புமுன்,
"அந்தப் பக்கமில்லை" என்றேன்.
இந்த ஒரு வேலை எனக்குத் தெரியும்.

எண்ணெயில் இறக்கினோம், மூச்சைப் பிடித்தபடி.
கீறல் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தாள்.
வரவில்லை.
பிறகு மெல்லச் சூடாக்கி, வைக்கோல் நிறம் வந்ததும் எடு என்றாள்,
"ரொம்பக் கடினம் வேணாம். காட்டுல
டீக்கோப்பை அடியிலயே தீட்ட வரணும்."
நிறத்தைப் பதம் என்கிறாள், சூட்டைப் பதம் என்கிறாள்,
எடுக்கிற நொடியையும் அதே சொல்லால்தான்.

பிர்ச் முண்டில் பிடி இறங்கும்போது இரவு பத்து.
மீன் இப்போது சுருண்டு விழுந்தது,
விளக்கு தெரியும் மெல்லிசில்.
உப்பும் மிளகும் தொட்டு நின்றபடியே தின்றோம்.
கை நாறியது. கழுவவில்லை.

"உங்க ஆஸ்பத்திரியில
இடக்கைக்காரங்க இன்னும் எத்தனை பேர்?" என்றாள்,
வியாபாரக் கண்ணோடு.
மயக்க மருந்து ப்ரோகோப்பி,
சலவைக்கார மாத்ரியோனா,
எக்ஸ்ரே அறையில் ஒருவன், ஒத்துக்கொள்ள மாட்டான்...

எண்ணிக்கொண்டே காருக்குப் போனேன்.
பெட்ரோல் முள் படுத்திருந்தது.
பவுடர் டப்பாவை அவள் திருப்பித் தரவில்லை.