இமை முடி

பிர்னோவில் இன்று காற்றில் ஈரம் இல்லை.
டிராம் கம்பி உரசிய சத்தத்திலேயே தெரிந்துவிட்டது,
இன்றைக்கு வெட்டலாம்.

போஹ்தானின் முன்கையிலிருந்து எடுத்த தோல்,
எள்ளில் பாதி.
காற்றழுத்தத்தைப்போல் இரண்டாயிரம் மடங்கு அழுத்தி,
குறில் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள்
உறையவைத்தது.

வெளியே ஸ்வ்ரத்கா ஆறு நிதானமாக உறைகிறது,
ஊசி ஊசியாய் வரிசை கட்டி,
மீன்களுக்குச் சொல்லிவிட்டு.
இந்தத் தோலுக்குள் இருந்த நீருக்கு
வரிசை கட்ட அவகாசமே கிடைக்கவில்லை.
நின்றது நின்றபடி
கண்ணாடி.

நைட்ரஜன் புகையும் தொட்டிக்குள் வைரக் கத்தி.
மைனஸ் நூற்று நாற்பது.
முகமூடிக்குள் மூச்சைப் பிடித்திருக்கிறேன்.
ஒரு பெருமூச்சு போதும்,
அவன்மேல் பனி பெய்துவிடும்.

கத்தி விளிம்பில் நாடா நீள்கிறது,
ஐம்பது நானோமீட்டர்.
விழாது அது, பறக்கும்; எதிலாவது போய் ஒட்டும்.
லட்சக்கணக்கில் விலை போன இந்த மேசையில்
அதைப் பிடித்து நிறுத்த ஒரே கருவி:
பல்குச்சி நுனியில்
நகப்பூச்சால் ஒட்டிய என் இமை முடி.
யர்மிலா ஒருமுறை தன் நாயின் மயிரைக் கொண்டுவந்தாள்.
தடிமன்.

ஆக,
யார் பெயர் முதலில் என்ற சண்டைக்குப் பிறகு
நவம்பரிலிருந்து என்னோடு பேசாதவனின் தோலை
என் இமையால் வருடிக்கொண்டிருக்கிறேன்,
மூச்சு விடாமல்,
நாலு மணி நேரமாக.

தரை அதிராதிருக்கக்
கடைசி டிராம் போகும்வரை காத்திருந்தேன்.
எலெக்ட்ரான் பட்டால் வெந்துபோகும் திசு.
அதனால், பார்க்க வேண்டிய இடத்தைப் பார்ப்பதில்லை.
பக்கத்து இடத்தில் கூர்மை பார்த்து,
அதைக் கொப்புளிக்கவிட்டு,
கற்றையை அணைத்து, நகர்ந்து,
குருட்டாம்போக்கில் ஒரே ஒரு படம்.

கத்தி வந்த திசையில் கீறல்கள்.
வட்டமெல்லாம் முட்டையாய் நசுங்கியிருந்தது.
குறுக்கே நாலைந்து பிளவு.
அவற்றுக்கு நடுவே, சாயம் ஏதும் ஏற்றாமல்,
செல்லுக்கும் செல்லுக்கும் இடையில்
கொழுப்பின் அடுக்குகள், இணை இணையாக.
மழையை வெளியிலும்
மனிதனை உள்ளேயும் நிறுத்துகிற கோடுகள்.
எண்ணினேன், ஒன்பது.
மறுபடி எண்ணினேன், எட்டு.

காலையில் காபி இயந்திரத்தருகே போஹ்தான்.
சட்டைக் கையைச் சுருட்டியிருந்தான்.
பிளாஸ்டர் இல்லை, சிவப்பாய் ஒரு புள்ளி.
கோப்பையைப் பார்த்தபடி கேட்டான்:
"எப்படி வந்திருக்கிறேன்?"

"நசுங்கி," என்றேன். "ஒரு பக்கமாக."

சிரித்தானா, காபி சுட்டதா, தெரியவில்லை.
எனக்கு இடது கண் அரித்தது,
முடி பிடுங்கிய இடத்தில்
புதிது முளைக்கிறது.