தடைப்பட்டியல்

அப்புத்தளையில் வாடகைக்கு இரண்டு அறை,
அதற்கொரு விளம்பரம்.
நேற்றிரவு மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு கிளிக்.
அறை கேட்டு ஒருவரும் இல்லை.
காசு போயிற்று.

எண் எண்ணாகத் தடுத்தேன்.
அட்டைக்கு உப்பு வைக்கிற மாதிரி:
ஒன்று சுருண்டு விழுமுன்
கணுக்காலில் இன்னொன்று.

வியாழன் காலை மேக்கணக்கிலிருந்து பவளராணி:
"அண்ணே, ஒங்க பக்கம் எங்க யாருக்கும் தொறக்குதில்லயே?"

அந்தக் கோபுரத்தடியில்
மூன்று டிவிஷனுக்கும் ஒரே எண்ணாம்.

நான் பிறந்த லயத்திலும்
இருபது காம்பராவுக்கு ஒரே விலாசம்.
யாரோ ஒருவன் கடனுக்கு
எல்லார் தபாலும் ஆபீஸ் மேசையில் கிடந்த
மாசி மாதம் ஒன்று உண்டு.

தடையை எடுத்தேன்.
உடனே ஒரு கிளிக்.

பவளராணியா,
அட்டையா?
எண் அதேதான்.