அரை வெள்ளி

இந்த ஊரில் டாலருக்கு வெள்ளி என்று பேர்.
கோப்பி ஒன்றரை வெள்ளி, குடை பத்து வெள்ளி.
எதிலும் ஒரு குன்றிமணி வெள்ளி கிடையாது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில் அடித்த
அரை வெள்ளிக் காசில் உண்டு.
அதிலும் பாதிதான்.
அரை வெள்ளியில் அரை வெள்ளி
என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.
அரைப் பைத்தியம் என்றாள் அக்கா.

உட்லண்ட்ஸ் ஆலையில் பன்னிரண்டு மணி நேரம்
கண் மட்டும் தெரியும் வெள்ளை அங்கிக்குள் நான்.
நுண்ணோக்கியடியில் வேஃபர் தட்டுகள் வரும், போகும்.
ஒரு கீறல், ஒரு தூசி,
மயிரிழையில் நூற்றில் ஒரு பங்கு விலகல்:
தள்ளு என்று அழுத்துவேன்.
ஓய்வு நாளில்
நார்த் பிரிட்ஜ் சாலைக்கு ரயிலேறிப் போய்
அதே கண்ணால் பிழை தேடுவேன்.
கிடைத்தால் காசு கொடுப்பேன்.

தியோவின் கடை மூன்றாம் மாடியில்,
தையற்காரருக்கும் காதுக்கருவி விற்பவருக்கும் நடுவே.
உயர்ந்தவை கண்ணாடிக்குள்.
மற்றவை பிஸ்கட் டின்னில்,
எதை எடுத்தாலும் பதினைந்து.
கைவிட்டால் உள்ளே குளிரும்.
முதலில் விளிம்பு. செம்புக் கோடு தெரிந்தால் வேண்டாம்.
பிறகு நகத்தால் தட்டிக் காதருகே:
நீண்டு ஒலித்தால் சரி,
டொக் என்றால் திரும்ப டின்னுக்கு.
லென்ஸ் கடைசியில்.
அச்சோடு அச்சு மோதியதில்
முயல்பல் முளைத்த அமெரிக்கப் பெரியவர் ஒருவரைப்
போன மாதம் இதே டின்னில் பிடித்தேன்.

ராஜாவின் மார்புக்கு அடியில்
கடுகிலும் சிறிதாக ஒரு சிலுவை இருக்கும்.
சில காசுகளில் மட்டும் அங்கே புள்ளி.
ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.
விலை மட்டும் எல்லோரும் ஒன்றாகச் சொல்வார்கள்.

அந்த ஞாயிறு என் விரலிடுக்கில் புள்ளி.

முகத்தை மாற்றவில்லை.
உதவாத இரண்டை எடுத்து
அதன் மேலும் கீழும் வைத்து
மழை வரும்போல என்றேன்.
நாற்பத்தைந்து வெள்ளியை
தியோ இரண்டு முறை எண்ணினார்.
டோபி காட்டிலிருந்து ஈஷூன் வரை
சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

வீட்டில் விளக்கைச் சாய்த்து வைத்தேன்.
பக்கத்து அறையில் கணவர்
யாரோ தவறவிட்ட பெனால்டிக்குத் திட்டிக்கொண்டிருந்தார்.
புள்ளியைச் சுற்றி
மெல்லிய அரக் கோடுகள்.
நான்கு பக்கமும் நான்கு தழும்பு.
சிலுவையின் கைகளை யாரோ
ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

தமிழில் புள்ளி வைத்தால் மெய்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.
எந்த அறையில் உட்கார்ந்தானோ,
எத்தனை ராத்திரியோ.
ராஜாவின் மேல் ஒரு கீறல் இல்லை.
எங்கள் ஆலையில் நேர்காணலே இல்லாமல்
எடுத்துக்கொள்வார்கள்.
பிழையைக்கூடப்
பிழையில்லாமல் செய்ய முயன்றிருக்கிறான்.
நான்கு தழும்பில் மாட்டிக்கொண்டான்.

அடுத்த ஓய்வு நாளில் கடைக்குப் போனேன்.
தியோ நிமிரவில்லை.
"புள்ளியா?"
பேசாமல் நின்றேன்.
"எண்பத்தேழில் நானூறு கொடுத்தேன் அதற்கு.
மனைவியிடம் நாற்பது என்று சொன்னேன்.
இதுவரை மூன்று பேர் வாங்கினார்கள்,
மூன்று பேரும் மழை வரும்போல என்றார்கள்,
மூன்று பேரும் திருப்பிக் கொண்டுவந்தார்கள்."
கண்ணாடி மேல் பதினைந்து வெள்ளியை வைத்தார்,
ஒரு பத்து, ஒரு ஐந்து,
ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தது.

நோட்டை அவர் பக்கமே தள்ளினேன்.
"சிலுவை அழியாதது ஒன்று வேண்டும்," என்றேன்.
"இதற்குப் பக்கத்தில் வைக்க."

முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.
டின்னை என் பக்கம் நகர்த்தினார்.
"இப்போது இருபது," என்றார்.
"வெள்ளி ஏறிவிட்டது."