இருந்தபடியே

பல்லுக்கொதிதான் என்றார்கள், ஐந்து நாளாய்.
கராம்பு வைத்தாளாம்.
கடையில் இருந்த கடைசிப் பனடோலை
உடைத்துப் பாதி பாதியாய் விழுங்கினாளாம்.
எல்லாம் புருஷன் சொல்கிறான்.
அரியமலர் பேசினால்
வாய் நிறையச் சோறு வைத்திருப்பவள்போல்
கொழகொழத்தது குரல்.

மல்லாவி ஆஸ்பத்திரி முற்றத்தில்
லான்மாஸ்டர் பெட்டிக்குள் குந்தியிருந்தாள்,
முன்னே சரிந்து,
இரு கையையும் முழங்காலில் ஊன்றி.
தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே
கழுத்தென்று ஒன்று இல்லை.
தொட்டேன். பலகை.
நாக்கு மேலே ஏறி அண்ணத்தை முட்டி நிற்க
எச்சில் மடியில் வடிந்தது.

“படுக்க வையுங்கோ” என்றார் யாரோ.
ஒருத்தரும் படுக்க வைக்கக் கூடாது என்று கத்தினேன்.
மூச்சு தனக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கையால்
போய் வருகிறது.
அதைக் குழப்பாதேங்கோ.

வவுனியாப் பாதை பூட்டு.
திறந்தாலும் ஆறு மணித்தியாலம்.
அவளிடம் ஆறு இல்லை.
அலுமாரியில் பெனிசிலின் பதினொரு குப்பி,
விறைப்பு ஊசி மூன்று.
ஒட்சிசன் சிலிண்டர்
காற்றுக்குக் கதவடிக்காமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது,
ஒரு வருஷமாய் அதுதான் அதன் வேலை.
தொண்டையில் துளைபோட்டால் வைக்க
ஒரேயொரு குழாய். அவித்துத் தட்டில் வைத்தோம்.
நீ வேண்டாம், நீ வேண்டாம் என்று
அதைப் பார்த்தபடி கை கழுவினேன்.

கதிரையில் இருந்தபடியே.
திலகேஸ்வரி மிஸ்ஸி பின்னால் நின்று
அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்தா.
அந்தோனிமுத்து சைக்கிளைக் கவிழ்த்துப்
பெடலைக் கையால் சுழற்ற
டைனமோ வெளிச்சம் தாடைக்குக் கீழே விழுந்தது.
அவன் களைத்தால் இருட்டும்.

எலும்புக்கு இரண்டு விரல் கீழே வெட்டினேன்.
முதலில் வந்தது சீழ் இல்லை, நாற்றம்.
விரலை உள்ளே விட்டுத் தடவித் திறக்கத் திறக்கக்
குமிழோடு சாம்பல் தண்ணீர்.
பெடல் நின்றது.
இருட்டுக்குள் அவன் சத்தி எடுப்பது கேட்டது.
பிறகு வெளிச்சம் திரும்பி வந்தது.

கையுறை விரலொன்றை நறுக்கி வடிகாலாய்ச் சொருகினேன்.

நடுச்சாமம் தாண்டி
அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. ஓடினேன்.
நித்திரை.
மிஸ்ஸியும் நானும் கொஞ்சம் சரித்தோம்,
பொறுத்து இன்னும் கொஞ்சம்.
மூச்சு மாறவில்லை.

விடிய, வீங்கிய வாயால் கேட்டாள்:
“பல்லைக் கழட்டிப் போட்டீங்களோ?”
இல்லை, அம்மா.
பல்லுக்குறடு கிளிநொச்சிக்குப் போனது, திரும்பவில்லை.
அது இன்னும் உள்ளேதான்.
பெனிசிலின் எட்டுக் குப்பி.