மழை ஆட்டம்

பதினோரு வருடத்தில் ஒன்பது சட்டை.
எதன் முதுகிலும்
இரண்டு கோடை தங்காத உன் பெயர்,
ப்ரூசார்ட்.
இரண்டாம் பேஸ்; ஆளில்லாத நாளில் மூன்றாவது.
டோலிடோவில் தவணைக்கு வாங்கிய சோபாவில்
நீ உட்கார்ந்ததே இல்லை.
டகோமா சாவிக்கடைக்காரன்
"திரும்பவுமா?" என்று சிரித்தான்.

தரையோடு வரும் பந்துக்குக் குனிந்து குனிந்து
இடது முட்டிக்குள் மணல் அரைபடும் சத்தம்,
இரவில் எனக்கும் கேட்கும்.

பெரிய லீகில் நாற்பத்தொரு நாள்.
அதில் ஒரு மாலை
வேலிக்கு மேலே போனது ஒன்று,
ஒன்றே ஒன்று.
நான்காம் இன்னிங்ஸில் பிடித்த மழை விடவில்லை.
ஆட்டம் செல்லாது என்றார்கள்.
அடித்ததும் செல்லாதாம்.

இடதுபக்க ஸ்டாண்டில் எவனோ
மழைக்கோட்டுக்குள் பந்தைச் செருகிக்கொண்டு ஓடினான்.
என்னை விட்டால்
அவன்தான் சாட்சி.