ஏணியின் மேலிருந்து

டிசம்பரில் மூன்று மணிக்கே
இருட்டிவிடும் எங்கள் ஃபேரோ தீவில்.
ஆலயத்துச் சாவி இந்தக் குளிர்காலம் என் பொறுப்பு.
சனிக்கிழமை வந்து ஹீட்டரைப் போட்டு,
பெஞ்சுகளைத் துடைத்து,
மீன் தொழிற்சாலை வாடை போகாத கையால்
மெழுகுத்திரிகளின் கரியைக் கிள்ளி எறிந்து,
கடைசியாக ஏணி.

உத்தரத்திலிருந்து தொங்குகிறது ஒரு மரக்கப்பல்.
எந்தக் காலத்திலோ கரை திரும்பிய எவனோ
நேர்ந்துகொண்டபடி செதுக்கிக் கொடுத்தது.
முழ நீளம். மூன்று பாய். எப்போதும் ஒட்டடை.
ஒவ்வொரு கயிறாகப் பிரஷ்ஷால் தட்டுவேன்.
அந்த உயரத்தில்
உமக்கும் எனக்கும் நடுவே
புல் முளைத்த கூரை ஒன்றுதான்.
அதனால் கேட்கிறேன்.

முதலில் சில்லறைக் கேள்விகள்.
ஏழாம் நாள் ஓய்ந்திருந்தீராமே,
மழையிடம் அதை யாரும் சொல்லவில்லையா?
செங்குத்துப் பாறையில் ஆட்டை விட்டது நாங்கள்தான், சரி,
நல்ல புல்லை அங்கே கொண்டுபோய் வைத்தது யார்?
தொண்ணூற்றேழு வயது ஹெர்போர்க்
போகிறேன் போகிறேன் என்று பெட்டி கட்டி உட்கார்ந்திருக்கிறாள்.
எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பதினோரு நாள்தான் கொடுத்தீர்.
இந்தக் கணக்கை எழுதுவது நீர்தானா,
இல்லை குமாஸ்தா யாராவது வைத்திருக்கிறீரா?

அம்மா கேட்டிருந்தால் வாயிலேயே போட்டிருப்பாள்.
எங்கள் வீட்டு ஜெபத்தில்
நன்றி வரும், மன்னிப்பு வரும், ஆமென் வந்துவிடும்.
கேள்விக்குறி வளைந்து நிற்க இடமிருக்காது.
ஹைனியின் படகு திரும்பாத அன்றும்
உம்முடைய சித்தம் என்றுதான் சொன்னோம்,
அவன் தட்டில் உருளைக்கிழங்கு ஆற ஆற.
சொன்ன நாக்கு இரண்டு வருடம் மரத்துக் கிடந்தது.
பாட்டு வேளையில் உதட்டை மட்டும் அசைப்பேன்.
நீர் கவனித்திருப்பீர்.

போன மாதம்தான், இதே மேல்படியில்,
கை வழுக்குவதுபோல வாய் வழுக்கி
ஏன் என்று வந்துவிட்டது.
ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.
கூரை இடியவில்லை.
கப்பல் கொஞ்சம் திரும்பியது,
என் மூச்சுக்காற்றில்.

இன்றைக்குப் பெரியது.

அவனுக்கு முப்பத்தொரு வயது.
கடல் கண்ணாடியாகக் கிடந்த காலை.
வானொலியில் நல்ல வார்த்தைகளே சொன்னார்கள்.
எஞ்சின் புதிது, தவணை இன்னும் நான் கட்டுகிறேன்.
சொல்லும் ஆண்டவரே,
நீர் எடுத்தீரா,
நீர் எடுத்ததா?
எடுத்தது நீரென்றால், எதற்கு?
எடுத்தது நீரென்றால்,
நீர் எங்கே இருந்தீர்?

கோபிக்க மாட்டீர் என்று நினைக்கிறேன்.
ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்
உம் குமாரனும் உயரத்தில் இருந்தபடி ஒன்று கேட்டார்.
பதில் வந்ததாக யாரும் எழுதவில்லை.
கேட்டதை எழுதியிருக்கிறார்கள்.
வெட்கப்பட்டு அழித்துவிடவில்லை.
அந்தத் தைரியத்தில்தான் நிற்கிறேன்,
ஏணியின் ஒரு கால் வேறு ஆடுகிறது.

கீழே பலகை கிறீச்சிட்டது.
போதகர்.
கோபன்ஹேகனிலிருந்து வந்து நான்கு மாதம்,
வந்த நாளிலிருந்து இருமல்.
நாளைய பாட்டு எண்களை மாட்ட வந்தவர்
கையில் ஓர் ஏழுடன் நிற்கிறார்.
எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.
என் காது இரண்டும் கொதித்தன.
இறங்கப் போனேன்.

வேண்டாம், வேண்டாம் என்று கை காட்டினார்.
ஏழை மாட்டினார், தலைகீழாக,
பார்த்துவிட்டுத் திருப்பி மாட்டினார்.
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே
இன்னும் பழகாத எங்கள் மொழியில் சொன்னார்:
முடிந்ததும் ஏணியை எடுத்துவிட வேண்டாம்,
அங்கேயே இருக்கட்டும்.

கதவு திறந்து மழைச் சத்தம் உள்ளே வந்தது,
பிறகு போனது.
ஹீட்டர் இப்போதுதான் சூடாகிறது.
பின்பக்கப் பாய் இன்னும் துடைக்கவில்லை.
ஆகவே, ஆண்டவரே,
அடுத்த கேள்வி.